போஞ்சிக்கு இரங்கிய சாலிஹ் முதலாளி

யூரியாப் பேணிக்குள் தேக்கரண்டியை விட்ட நேரத்தில் சாலிஹ் முதலாளியின் மனதில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் இருக்கவில்லை. வீட்டுக் கொங்கிறீட் ஸ்லாப்பின் மேலே, பழைய கோழிக்கூட்டுக் கம்பிவலைக்குள், சாடி சாடியாகப் போஞ்சி அவரைக் கன்றுகள் நின்றன. அவற்றில் பச்சை நாடா கட்டிய வரிசை மட்டும் மஞ்சள் பாரித்துத் தலை தொங்கிப்போயிருந்தது. அடுப்பில் சோறு இருக்கிறது, எதிரே பிள்ளை பசித்து நிற்கிறது. யார்தான் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள்? சாடிக்குக் கால் கரண்டி போட்டார். மூலையில் நின்ற ஆகச் சோனியான கன்றைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அதற்கு இன்னொரு சிட்டிகை சேர்த்துப் போட்டார்.

"நீயும் நல்லா இரு," என்று அதனிடம் சொல்லவும் செய்தார்.

உக்குவளையில் தாடி கறுத்திருந்த காலம் தொட்டுப் உரம் விற்கும் பசளைக்கடை நடத்துகிறவர் அவர். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் நோய்கண்ட இலையொன்றைக் கிள்ளிக்கொண்டு வந்து மேசையில் வைப்பார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு எந்த மூட்டை என்று கைகாட்டுவார். நாட்டுக்குப் பசளை வராமல் நின்றுபோன அந்த வருடம் மட்டும் கைகாட்ட மூட்டை இருக்கவில்லை. மஞ்சள் பூத்த நெல்லிலையோடு வந்தவர்கள் வெறுங்கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதே வருடத்தில்தான் அவருடைய மனைவி நாச்சியா மௌத்தானார். அன்றிலிருந்து மஞ்சள் இலையைக் கண்டால் சாலிஹ் முதலாளிக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். உடனே எதையாவது போட்டாக வேண்டும்.

ஆனால் இந்தப் போஞ்சி அவருடையதல்ல. மகள் றிஸ்லாவின் ஆராய்ச்சி.

ஒரே பிள்ளை. கெம்பஸில் விவசாயம் படிக்கிறாள், இது கடைசி வருடம். அங்கே கட்டியிருந்த வலைக்கூடாரத்தைக் குரங்குகள் இரண்டு தடவை கிழித்துக் கன்றுகளைப் பிடுங்கி விளையாடியதால், பத்திரமான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டு போ என்று அவளுடைய விரிவுரையாளர் சேர் சொல்லிவிட்டார். அப்படித்தான் சாடிகள் உக்குவளைக்கு வந்தன. சிவப்பு நாடாவுக்கு யூரியா மட்டும். வெள்ளை நாடாவுக்கு ஒன்றுமே கிடையாது. பச்சை நாடாவுக்கு, இரத்தோட்டைப் பக்கத்து மண்ணிலிருந்து றிஸ்லா பிரித்தெடுத்து வளர்த்த பக்டீரியா. வெள்ளிக்கிழமை பின்னேரம் வருவாள், திங்கள் காலை முதல் பஸ்ஸில் போய்விடுவாள். இடையில் வாப்பாவுக்கு ஒரே ஒரு வேலைதான்.

"தண்ணி மட்டும் ஊத்துங்க வாப்பா. வேற ஒண்ணும் வேணாம்," என்று படியிறங்கும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள்.

அந்தப் பச்சை வரிசையின் வேர்களில் நல்லபடியாக முடிச்சு விழுந்தால் ஜப்பானில் ஒரு பேராசிரியர் அவளை மேல்படிப்புக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். றிஸ்லா போனில் ஜப்பான் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். மீன் கழுவும்போதும் உடுப்பு மடிக்கும்போதும் வாய்க்குள் அந்தச் சொற்களை உருட்டிக்கொண்டிருப்பாள். அவளை எவ்வளவு தூரமானாலும் படிக்கவிட வேண்டும் என்பதுதான் நாச்சியா கடைசியாகப் பேசிய நல்ல பேச்சு.

சாலிஹ் முதலாளிக்கு நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம் இருந்தது. சில மாதங்களுக்கு முன்னர் கடையில் மூட்டைகளுக்கு நடுவே மயங்கி விழுந்துவிட்டார். அன்றோடு றிஸ்லாவுக்கு மனசு இரண்டாகிப்போனது. நான் போனால் உங்களை யார் பார்ப்பது என்று ஒருநாள் கேட்டேவிட்டாள். அவர் சட்டென்று கோபத்தை வரவழைத்துக்கொண்டார்.

"கெடச்சும் நீ போகாம நின்டா, இந்த வாப்பாவோட பேச வேணாம். உம்மாட கப்ருல போய் நான் என்ன சொல்றது?"

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மகள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஒரு தரம் நினைத்துப் பார்த்தார். நினைக்கவே முடியவில்லை. அந்த ஜப்பான்காரருக்கு வேறு யாரையாவது பிடித்துப்போகட்டும் என்று மனதின் ஒரு மூலை சொல்லியது. அந்த மூலையை அவர் நன்றாகத் திட்டினார்.

யூரியா போட்ட அன்று மத்தியானம் றிஸ்லா போன் எடுத்தாள். அவர் பேச்சோடு பேச்சாக, ஒன்றும் அறியாதவர் போல, பச்சை வரிசை கொஞ்சம் மஞ்சளாக நிற்பதாகச் சொன்னார். மறுபக்கத்தில் சிரிப்புக் கேட்டது.

"அப்பிடித்தான் வாப்பா நிக்கணும். அது பசிச்சி நிக்கிது. பசிச்சாத்தான் வேரால ஆளனுப்பி மண்ணுல இருக்கிற பக்டீரியாவைக் கூப்பிடும். அதுங்க வந்து வேருக்குள்ள சின்னச் சின்ன முடிச்சுக் கட்டிக் குடியிருக்கும். காத்துல இருக்கிற நைதரசனைப் புடிச்சி இதுக்குச் சாப்பாடாக் குடுக்கும். இது அதுங்களுக்கு இனிப்புக் குடுக்கும்."

"அப்ப, யாராவது இரக்கப்பட்டுக் கொஞ்சமாப் பசளை போட்டா?"

"வயிறு நெறஞ்சிரும். வயிறு நெறஞ்சா அது யாரையும் கூப்பிடாது. தானா வந்தாலும் கதவத் தெறக்காது. எல்லாம் போச்சு."

சாலிஹ் முதலாளி கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"சத்தத்தக் காணோமே. கடையில ஆள் வந்திருக்காங்களா வாப்பா?"

"ஓ, வந்திருக்காங்க," என்றார். கடையில் ஈ காக்கை இல்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் யாரோ மௌத்து என்றுதான் நினைத்திருப்பார்கள். யூரியா அதற்குள் மண்ணில் கரைந்திருந்தது. கரைந்ததைக் கரைத்தே வெளியேற்றிவிடலாம் என்று அவருக்குப் பட்டது. குழாயைத் திறந்துவிட்டு, சாடி சாடியாகத் தண்ணீரை ஊற்றி, அடியில் தெளிந்த தண்ணீர் வடியும்வரை கழுவினார். அந்தத் தண்ணீர் ஸ்லாப்பின் பீலி வழியாக இறங்கி, கீழே உம்மு குல்தூம் காயப்போட்டிருந்த மிளகாய்ப் பாயின்மேல் கொட்டியது.

உம்மு குல்தூம் தூரத்துச் சொந்தக்காரர், நாச்சியாவின் வயதுதான் இருக்கும், சாலிஹ் முதலாளியை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவார். நாச்சியா போனபிறகு தினமும் காலையில் வந்து சமைத்து வைத்துவிட்டுப் பின்னேரம் போவார். மிளகாய் மிதந்ததைப் பார்த்து, போஞ்சியைக் குளிப்பாட்டுகிறீங்களா நானா என்று கேட்டார். ஆராய்ச்சி வேலை, உனக்கு விளங்காது என்று அவர் மேலிருந்தபடியே சொல்லிவிட்டார். அந்தப் பதிலில் உம்மு குல்தூமுக்கு ரோசம் வந்துவிட்டது. இனி அந்தச் சாடிகளைப் பற்றித் தானாக வாய்திறப்பதில்லை என்று அன்றே முடிவெடுத்துக்கொண்டார்.

கழுவியதில் கன்றுகள் துவண்டு விழுந்தன. மகள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் சாலிஹ் முதலாளி இரத்தோட்டைக்குப் பஸ் ஏறினார். அங்கே அவருடைய பழைய கூட்டாளி ஜைனுதீன் மேட்டுக்காணியில் போஞ்சி வைத்திருந்தார். எனக்குத் தெரிந்த ஒருவருடைய பயிர் என்று சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தார். பாதி சொல்வதற்குள்ளேயே, நீ கழுவியதில் நல்ல கிருமியும் சேர்ந்து போயிருக்குமே என்று ஜைனுதீன் சொல்லிவிட்டார்.

"நம்ம பாத்தி மண்ணுல அதுங்க நெறைய இருக்கு. ஒன்ட மகளும் இங்க வந்துதானே மண்ணெடுத்தா. ஒரு பேக் கொண்டு போய்த் தூவிவிடு மச்சான்."

மண் மூட்டையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு அவர் பஸ்ஸில் திரும்பினார். பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனதைக் கவனித்திருந்தால் பிறகு நடந்ததைத் தவிர்த்திருக்கலாம். அவர் கவனிக்கவில்லை. பச்சை வரிசைக்கு மண்ணைத் தூவினார். துவண்டிருந்த கன்றுகள் நிமிர்ந்தன. நிமிர்ந்தவை பச்சை பிடித்தன. பச்சை கடும்பச்சையாகி, சிவப்பு நாடாக்காரர்களையே வெட்கப்பட வைத்தது. பதறிப்போய் ஜைனுதீனுக்குப் போன் எடுத்தார்.

"பின்ன, ஒனக்குச் சும்மா மண்ணாக் குடுப்பேன்? போன போகத்துல அந்தப் பாத்திக்குக் கோழிப்பசளை கொட்டிக் கொத்தினது மச்சான்," என்றார் ஜைனுதீன் பெருமையோடு.

அந்த வெள்ளிக்கிழமை றிஸ்லா மேலே போய் நீண்ட நேரம் நின்றாள். இவ்வளவு சீக்கிரம் பச்சை பிடிக்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். உக்குவளைத் தண்ணியே ஒரு தனித் தண்ணிதான் என்று அவர் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தார். அவள் திரும்பி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். வாப்பாவுக்கு வியர்த்திருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டு, கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய் உட்காரவைத்து, சீனி பார்க்கும் மெஷினை எடுத்து விரலில் குத்தினாள்.

அடுத்த வாரம் கலேவெலப் பக்கத்து விவசாய உத்தியோகத்தர் ஒருவர் கடைக்கு வந்தார். சாலிஹ் முதலாளி அவருக்குத் தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்து, மண்ணில் பசளை கூடிப்போனால் என்ன செய்வது என்று கேட்டார். பசளைக்கடைக்காரர் வாயிலிருந்து அப்படியொரு கேள்வியை அந்த மனிதர் ஒருபோதும் எதிர்பார்த்திருக்க மாட்டார். கொஞ்சம் திகைத்துவிட்டு, மண்ணுக்குச் சீனித்தண்ணியோ மரத்தூளோ போடலாம், மண்ணிலிருக்கும் மற்றக் கிருமிகள் அதைத் தின்று பெருகி, மிச்சமிருக்கிற நைதரசனையும் உறிஞ்சிவிடும், பயிர் மறுபடியும் பசிக்கும் என்று விளக்கினார்.

மரத்தூளுக்கு எங்கே போவது? சீனி வீட்டிலேயே இருந்தது. வருகிறவர்களுக்கு என்று வாங்கி, வாப்பாவின் கண்ணில் படாமல், அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் பெரிய பேணியில் றிஸ்லா ஒளித்து வைத்திருந்தாள். அது எங்கே இருக்கிறது என்று வாப்பாவுக்கு முதல்நாளே தெரியும். அல்லாஹ்வுக்குத் தெரிய ஒரு நாளும் தொட்டதில்லை. இப்போது தொட்டார். வாரம் முழுக்கச் சீனியைக் கரைத்துக் கரைத்துப் போஞ்சிக்கு ஊற்றினார். நாக்கில்கூட ஒரு மணி வைக்கவில்லை.

எறும்பு வந்தது. குசினி யன்னலில் தொடங்கி, சுவரேறி, ஸ்லாப்பைக் கடந்து, கம்பிவலை வரைக்கும் ஊர்வலம் போனது. அவர் மஞ்சள்தூள் தூவினார், சாம்பல் கொட்டினார், கடைசியில் துடைப்பத்தோடு காவலுக்கு உட்கார்ந்தார். ஆனால் உத்தியோகத்தர் சொன்னது பலித்தது. கடும்பச்சை இறங்கியது. இலைகள் வெளிறத் தொடங்கின. வாழ்நாளில் முதல்தடவையாகச் சாலிஹ் முதலாளி ஒரு மஞ்சள் இலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில், மூலையில் நின்ற அந்தச் சோனிக் கன்றைப் பிடுங்கி வேரை வாளித் தண்ணீரில் அலசினார். வேரோடு ஒட்டிக்கொண்டு கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் நசுக்கினார். உள்ளே இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பாக இருந்தால் உயிரோடு வேலை செய்கிறது என்று றிஸ்லா முன்பு சொல்லியிருக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு அவர் அந்த வெயிலிலேயே உட்கார்ந்து அழுதார். கெட்டது சரியாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் அழுதார். அப்படியென்றால் பிள்ளை போய்விடுவாள் என்பதற்கும் சேர்த்துத்தான் அழுதார். எது எவ்வளவு என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

றிஸ்லா வந்ததும் முடிச்சுகளைக் காட்ட நினைத்தார். காட்டினால் ஏன் பிடுங்கினீர்கள் என்று கேட்பாள் என்று விட்டுவிட்டார். அவள் வந்து பையைக்கூட இறக்கிவைக்கவில்லை, உம்மு குல்தூம் அவளைக் குசினிக்குள் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் காலிச் சீனிப் பேணியோடு வெளியே வந்தாள்.

"வாப்பா, இது எங்க போச்சு?"

சாலிஹ் முதலாளி பேணியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கரண்டிக் கதை வரும், கழுவின கதை வரும், கோழிப்பசளைக் கதை வரும். முடிச்சு விழுந்திருக்கும் இந்த நேரத்தில் அதெல்லாம் எதற்கு? சட்டென்று ஒரு கெட்டிக்காரப் பொய் வாயில் வந்தது.

"நான்தான் மகள். தேத்தண்ணிக்குப் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமா."

"முழுப் பேணியுமா? ஒரு கிழமைக்குள்ளயா?"

"வாய்க்கு ருசியா இருந்திச்சு," என்றார். திட்டு வாங்கினால் கதை முடிந்தது என்பது அவர் கணக்கு.

அவள் திட்டவில்லை. குசினி வாசற்படியிலேயே உட்கார்ந்து பேணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் வாராவாரம் வரக்குள்ளயே இப்பிடின்னா..." என்று ஆரம்பித்தாள். பேச்சைப் பாதியில் விட்டு எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள். சாலிஹ் முதலாளி தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார். அன்றிரவு அவள் ஜப்பான் பாஷையை முணுமுணுக்கவில்லை என்பதை அவர் கவனித்தார். பாடம் கூடிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, அவள் போனபிறகு தண்ணீர் ஊற்ற மேலே போனவர் அப்படியே நின்றுவிட்டார். பச்சை வரிசை மறுபடியும் பச்சையாகத் தொடங்கியிருந்தது.

மறுபடியும் கழுவினார். உம்மு குல்தூம் ஒன்றும் பேசாமல் மிளகாய்ப் பாயை இழுத்து ஓரமாகப் போட்டார். வாரக் கடைசியில் இலைகள் ஓரளவுக்கு இறங்கின. அடுத்த திங்கள் வந்து பார்த்தால் முன்னையதைவிடக் கடும்பச்சை. சீனிக்கு வழியில்லை, வீட்டில் ஒரு மணி இல்லாமல் றிஸ்லா ஒழித்துக்கட்டியிருந்தாள். மரக்காலைக்குப் போய் மரத்தூள் வாங்கிவந்து கொட்டினார். அதற்கும் அடங்கவில்லை. ஒரு கரண்டி யூரியா இத்தனை வாரம் மண்ணில் நிற்காது என்று ஜைனுதீன் போனில் அடித்துச் சொன்னார். சாலிஹ் முதலாளி நம்பவில்லை. அது அந்தக் கரண்டியேதான். தன் மனதின் ஒரு மூலை முடிச்சு விழக்கூடாது என்று ஆசைப்பட்டதை அல்லாஹ் அறிவான், அதனால்தான் கழுவக் கழுவப் போகாமல் நிற்கிறது என்று நினைத்தார். அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் இருந்து நெடுநேரம் துஆக் கேட்டார். வீட்டில் யாருக்கு வருத்தம் என்று ஹஸ்ரத் விசாரித்தார். போஞ்சிக்கு என்று எப்படிச் சொல்வது? பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டு வந்தார்.

பிடுங்கும் நாளில் றிஸ்லாவின் சேர் கெம்பஸ் வான் வண்டியில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். ஸ்லாப்பில் பெரிய பேசினில் தண்ணீர் வைத்து, கன்றுகளை ஒவ்வொன்றாக வேரோடு எடுத்து அவரே அலசினார். சிவப்பு நாடாவின் வேர்களில் ஒன்றுமில்லை, அது எதிர்பார்த்ததுதான். பச்சை நாடாவின் வேர்கள் வந்தன. நூல் மாதிரி வழவழவென்று வெள்ளையாக இருந்தன. அங்கொன்று இங்கொன்றாகச் சில முடிச்சுகள் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. சேர் ஒன்றை நசுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தேத்தண்ணித் தட்டோடு நின்ற சாலிஹ் முதலாளி தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டார்.

இது நல்ல பக்டீரியா, ஏன் இப்படியானது என்று தனக்கே விளங்கவில்லை என்றார் சேர். ஜப்பானுக்கு இந்த முறை வேறொரு பிள்ளையின் பெயரைத்தான் கொடுக்க வேண்டிவரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். றிஸ்லா தலையைக் குனிந்துகொண்டு, பரவாயில்லை சேர் என்றாள்.

வான் போனதும் சாலிஹ் முதலாளி மகளுக்கு முன்னால் போய் நின்றார். பிள்ளைக்கு முன்னால் குற்றவாளியாக நிற்பது அவருக்குப் பழக்கமில்லை. கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடியும் கழற்றினார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இரக்கப்பட்டுக் கரண்டி விட்டதை, கழுவியதை, கோழிப்பசளை மண்ணை, ஒன்று விடாமல் சொன்னார். தன் மனதின் அந்த மூலையைக்கூட மறைக்கவில்லை.

"அந்தச் சீனியும் நான் தின்னல்ல மகள். எல்லாத்தையும் இதுக்குத்தான் ஊத்தினேன். ஒன்ட தலைமேல சத்தியம், ஒரு மணி வாயில வைக்கல்ல."

வேர்களில் ஒன்றுமில்லை என்று சேர் சொன்னபோது அழாதவள், இதைக் கேட்டதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தேம்பித் தேம்பி, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். பிடுங்கிப்போட்ட கன்றுகளுக்கு நடுவே வாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்புத் தா மகள். ஒன்ட வாழ்க்கைய நானே கெடுத்துப்போட்டேன்."

"ஒங்களால இல்ல வாப்பா," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "சத்தியமா ஒங்களால இல்ல. அப்பிடிச் சொல்லாதீங்க."

எவ்வளவு பெரிய மனசு இந்தப் பிள்ளைக்கு, கெடுத்தவனையே தேற்றுகிறாளே என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மாத்தளையில் ஒரு விதைக் கம்பனியில் றிஸ்லாவுக்கு வேலை கிடைத்தது. தினமும் காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். வந்து வாப்பாவுக்குச் சோற்றை அளந்து வைத்தாள், மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள், விரலில் குத்திப் பார்த்தாள். சீனி எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவர் ஆசைப்பட்டது அப்படியே கையில் வந்து சேர்ந்திருந்தது. அதைப் பார்க்க அவரால் முடியவில்லை. மகள் வேலைக்குப் போனதும் சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் உம்மு குல்தூம் மிளகாய் காயப்போட இடம் வேண்டும் என்று காலிச் சாடிகளை ஸ்லாப்பிலிருந்து கீழே இறக்கிக்கொண்டிருந்தார். தொடாத சோற்றைப் பார்த்துவிட்டு, நீங்க இப்படிப் பட்டினி கிடந்தா நாச்சியா ராத்தா என்னைத்தானே கேட்பா என்று கடிந்துகொண்டார். சாலிஹ் முதலாளி முதன்முறையாக மகளைத் தவிர வேறொருவரிடம் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

"என்ட ஒரு கரண்டி யூரியா குல்தூம். என்ட புள்ளைட ஜப்பானை நான்தான் அழிச்சேன். எத்தன தரம் கழுவினேன், திங்கக்கிழமை பாத்தா திரும்பவும் பச்சை. அது போகவே இல்ல."

உம்மு குல்தூம் கையிலிருந்த சாடியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"அது எப்பிடி நானா போகும்? சீனிப் பேணி காலியான கிழமையில இருந்து, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் றிஸ்லா அழுதழுது அந்தப் பச்ச வரிசைக்கு யூரியா போடுவா, திங்கக்கிழமை நீங்க அழுதழுது அதக் கழுவுவீங்க; வாப்பாவும் மகளும் சேந்து செய்யிற ஆராய்ச்சின்னுதானே நான் இவ்வளவு நாளும் நெனச்சிக்கிட்டிருந்தேன்."